ஃப்ளாரன்ஸில் இருந்த ஒரு வருஷம்

பெல்ஃபோர்ட் ஊரின் சமுதாயக் கல்லூரி, வியாபாரம் படுத்து மூடிப்போன ஒரு வணிக வளாகத்துக்குள் நடந்துவந்தது. செவிலியர் வகுப்பு பழைய துணிக்கடையில். கணக்கு வகுப்பு பொம்மைக்கடையில். படம், சிலை, தத்துவம், பழங்கதை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறும் மானுடக் கலைகள் வகுப்புக்குக் கிடைத்தது செருப்புக்கடை. அலமாரிகளைப் பிடுங்கிய தடம் தரைக்கம்பளத்தில் அப்படியே இருந்தது. வாங்க வந்தவர்கள் காலைப் பார்த்துக்கொள்ள வாசலருகே தாழ்வாகச் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதனால் வகுப்புக்குள் நுழைகிறவர் யாரானாலும் முதலில் தன் செருப்பைத்தான் பார்ப்பார்.

ஆகஸ்டில் முதல் நாள் உள்ளே வந்த நோரீன் கஸ்டெல்லோ அதில் பார்த்தது, குழம்புக் கறை படிந்த தன் வெள்ளை ரப்பர் ஷூவை. மேல்நிலைப் பள்ளிச் சமையற்கூடத்தில் மதியச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் ஒழித்துவிட்டு நேரே வந்திருந்தாள். நாற்பத்தாறு வயது. இந்த ஒரு பாடம் தேறினால் இரண்டு வருஷப் பட்டம் கைக்கு வந்துவிடும், பள்ளி அலுவலகத்தில் நாற்காலி வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பது கணக்கு.

ஹெப்னர் சார் மூன்று ஊர்க் கல்லூரிகளுக்குக் காரோட்டிக்கொண்டு போய்ப் பாடம் எடுப்பவர். அவருடைய நூலகம் காரின் பின்பெட்டியில் இருந்தது. அன்றும் இரண்டு கை நிறையப் புத்தகத்தோடு வந்து மேஜையில் போட்டுவிட்டு, எல்லோரையும் வட்டமாக உட்காரச் சொன்னார்.

"பழக்கமாகிக்கிறதுக்கு ஒரு விளையாட்டு. ஒவ்வொருத்தரும் உங்களப் பத்தி மூணு விஷயம் சொல்லணும். ரெண்டு நெஜம், ஒண்ணு பொய். எது பொய்யினு மத்தவங்க கண்டுபிடிக்கணும்."

அந்த ஊரில் எந்த வகுப்பானாலும், எந்தப் பயிற்சியானாலும் முதல் நாள் இப்படி ஏதாவது ஒரு கூத்து இருக்கும். நோரீனுக்கு அது தெரியும். ஆனாலும் முறை வந்தபோது சொல்ல ஒரு பொய்யும் தோன்றாமல் குனிந்து பார்த்தாள். மடியில் இருந்த பாடப்புத்தகத்தின் அட்டையில் பெரிய செங்கல் கோபுரமும் கீழே "ஃப்ளாரன்ஸ்" என்ற பெயரும் இருந்தன.

"நான் பதினோரு வருஷமா ஸ்கூல் கிச்சன்ல வேலை பாக்குறேன். எனக்கு இருபத்தி மூணு வயசுல ஒரு மகன் இருக்கான். அப்பறம்... இத்தாலியில, ஃப்ளாரன்ஸ்ல, ஒரு வருஷம் இருந்திருக்கேன்."

பொய் எது என்பது கல்லில் எழுதியதுபோல் தெரிகிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. தாத்தா இத்தாலிக்காரர்தான். ஆனால் தெற்கே ஆடு மேய்க்கிற ஒரு கிராமத்திலிருந்து நேராக இந்த மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவர். ஃப்ளாரன்ஸை அவரே பார்த்ததில்லை.

"மகன்தான் பொய்!" என்று கையைத் தூக்கினாள் மக்கேனா. செவிலியர் படிப்புக்காரப் பெண், பத்தொன்பது வயது, தலையில் பென்சில் செருகிய கொண்டை. "போங்க நோரீன்! உங்களப் பாத்தா இருபத்தி மூணு வயசுப் பையனுக்கு அம்மா மாதிரியா இருக்கு?"

"அதான் நானும் சொல்றேன்," என்றார் வெண்டல். சுரங்கத்தில் ஓய்வு பெற்று, வீட்டில் மனைவியின் வாயிலிருந்து தப்பிக்கவே கல்லூரியில் சேர்ந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர். "மொகத்துல ஒரு நிம்மதி தெரியுது. புள்ள பெத்த மொகம் இல்ல இது."

எல்லோரும் சிரித்தார்கள். கைகள் உயர்ந்தன. ஏறக்குறைய எல்லாக் கையும் மகனுக்கு எதிராக.

"என்ன நோரீன், சரியா?" என்றார் ஹெப்னர் சார்.

அவள் வாயைத் திறந்தாள். "ஆமா, கண்டுபிடிச்சிட்டீங்க," என்று வந்தது.

வந்த பிறகு திரும்ப எடுக்க நேரம் இருந்தது. அடுத்த ஆள் பேச ஆரம்பிப்பதற்குள் "ஐயோ, இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது ஒரு சிரிப்போடு போயிருக்கும். அவள் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் குளியலறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தபோது, மகன் டில்லன் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் நீலம் பாரித்துக் கிடந்தான். ஆம்புலன்ஸ்காரர்கள் போதையை முறிக்கும் மருந்தை மூக்கில் அடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது வடக்கே ஒரு சிகிச்சை இல்லத்தில் இருந்தான். அந்த நாளிலிருந்து, கல்லூரியிலிருந்து தள்ளியிருந்த அவள் சின்ன ஊரில் எல்லோரும் அவளிடம் ஒரு தனிக் குரலில் பேசினார்கள். தேவாலயத்தில், மளிகைக்கடையில், பள்ளியில் தட்டை நீட்டும் வாத்தியார்கள்கூட, சத்தத்தைப் பாதியாகக் குறைத்து, கையை அவள் முழங்கையில் வைத்து, "டில்லன் எப்படி இருக்கான்?" என்றார்கள். கேட்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்கும்போதெல்லாம், தன் நெற்றியில் யாரோ எதையோ ஒட்டிவிட்டதுபோல் இருக்கும் அவளுக்கு.

இந்தச் செருப்புக்கடைக்குள் மட்டும் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. கத்தினார்கள், கிண்டல் பண்ணினார்கள். செவ்வாயும் வியாழனும் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் அவளுக்கு மகன் இல்லை. காரில் திரும்பிப் போகும்போது, மனசு லேசாக இருந்தது என்பதை உணர்ந்தாள். அப்படி உணர்ந்ததற்காக வழியெல்லாம் கூசிப்போனாள்.

மகனை இல்லையென்று சொன்னதில் இன்னொன்றும் சேர்ந்து வந்துவிட்டது. மகன் பொய்யென்றால் ஃப்ளாரன்ஸ் நிஜம்.

ஹெப்னர் சார் இத்தாலிக்குப் போனதே இல்லை. வருஷாவருஷம் அதைப் பற்றிப் பாடம் எடுக்கிறவருக்கு அது ஒரு உள்வலி. அவர் நோரீனைப் பிடித்துக்கொண்டார். "நோரீன், அந்த ஆத்துப் பாலத்துல காலையில வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழும்?" என்று ஆசையோடு கேட்பார். அவள் நூலகத்துக்கு ஓடினாள். சார் தன் காரிலிருந்து எடுத்துத் தந்தவை உட்பட, பயணப் புத்தகம், கட்டடப் புத்தகம், சமையல் புத்தகம் என்று கைக்கு வந்ததையெல்லாம் படித்தாள். சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில் தெருப்பெயர்களை மனப்பாடம் செய்தாள். ஆகஸ்டில் ஆறு நாறும், அங்கத்து ரொட்டியில் உப்பே இருக்காது, காபியை நின்றுகொண்டுதான் குடிப்பார்கள்: ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"உப்பில்லாத ரொட்டியா? என் பொண்டாட்டி அங்க பொறந்திருக்கணும்," என்றார் வெண்டல்.

பொய்யைக் காப்பாற்றப் படித்தவள் எல்லோரையும்விட அதிகம் படித்துவிட்டாள். முதல் கட்டுரைக்கே முழு மதிப்பெண். வாழ்க்கையில் முதல் தடவையாகப் படிப்பு அவளுக்கு இனித்தது. அந்த இனிப்பை நிம்மதியாகச் சப்பிச் சாப்பிட முடியவில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை சார் திரையில் ஒரு சிலையைக் காட்டினார். இறந்துபோன வளர்ந்த மகனை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய். வெள்ளைப் பளிங்கு.

"நல்லாப் பாருங்க. ஒரு பொம்பள, ஒரு முழு ஆம்பளய மடியில வச்சிருக்கா. பாத்தா கஷ்டமாவே தெரியல. எப்படி?"

"அம்மாவுக்கு வயசே ஆகல," என்றாள் மக்கேனா. "நோரீன் மாதிரி."

நோரீனுக்குப் பதில் தெரிந்திருந்தது. முடியாது என்பதுதான் பதில். நினைவில்லாத உடம்பு மடியில் நிற்காது, வழுக்கும். ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் சரியும். அக்குளுக்குள் கையை விட்டுக் கொக்கி போட வேண்டும், தலை உன் தாடையில் வந்து இடிக்கும், குதிகால் தரையில் கிறீச்சென்று இழுபடும். எப்படி இவ்வளவு அமைதியாக வைத்திருக்கிறாள் இந்தப் பெண்?

"நோரீன்? நீங்க சொல்லுங்க."

"துணி மடிப்பப் பாருங்க சார்," என்றாள். "பாவாடையை ரொம்ப அகலமா விரிச்சுச் செதுக்கியிருக்காங்க. அதனால மடி பெருசாத் தெரியுது. பையனோட எடை நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போகுது."

"பிரமாதம்!" என்றார் சார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவள் மேஜைக்கடியில் தன் கை இரண்டையும் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் கடைசியில் டில்லன் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. யாரும் தங்களுக்கே தீங்கு செய்துகொள்ளக் கூடாதென்று அந்த இல்லத்தில் சேர்ந்த அன்றே ஷூவிலிருந்து கயிற்றை உருவி வாங்கிவிடுவார்கள். திரும்பக் கொடுத்த கயிற்றை அவன் இன்னும் கோர்க்கவில்லை, காலை இழுத்து இழுத்து நடந்தான். ஆனால் கண் தெளிந்திருந்தது. காலையில் எழுந்து அவளுக்கு முன்னால் காபி போட்டான்.

"அந்த க்ளாஸ்ல என்னம்மா பண்ணுவீங்க?"

"படம் பாப்போம். பேசுவோம்."

"படம் பாக்கறதுக்கு மார்க்கா? நான் டிவி பாத்தே டாக்டராகியிருப்பேன்."

அவள் சிரித்தாள். அவனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பல் விழுந்த பிறகு வந்த பழக்கம்.

"என் கவுன்சலரும் காலேஜ்ல சேருன்னு சொல்றாரு," என்றான். "கடைசி நாள் ஏதோ கண்காட்சி இருக்குன்னியே. நானும் வந்து சும்மா எட்டிப் பாக்கட்டுமா? எப்படி இருக்குன்னு தெரிஞ்சிக்கலாம்ல."

குடும்பத்தை அழைத்து வாருங்கள் என்று சார் பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்.

"அதெல்லாம் வீட்டு ஆளுங்களுக்குக் கிடையாதுடா," என்றாள் நோரீன், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. "நாங்க மட்டும்தான்."

"சரிம்மா," என்றான் அவன். அவ்வளவுதான்.

கண்காட்சியன்று எல்லோரும் மூன்று மடிப்பு அட்டையில் தாங்கள் படித்ததை ஒட்டி, மேஜைமேல் நிறுத்திவைக்க வேண்டும். ஆளுக்கொரு பலகாரமும் கொண்டுவர வேண்டும். நோரீன் காலையில் எழுந்து பெப்பரோனி ரோல் சுட்டாள். ரொட்டி மாவுக்குள் கார இறைச்சியை வைத்துச் சுருட்டிச் சுடுவது. அந்தப் பக்கத்துச் சுரங்கக்காரர்கள் சாப்பாட்டுப் பெட்டியில் பரம்பரையாகப் போனது. சூடான தட்டைத் துணியில் சுற்றிக் காரில் வைக்கிற பரபரப்பில் அட்டையைச் சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டாள்.

வகுப்புக்குள் வந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. மக்கேனாவின் அம்மாவும் தம்பிகளும் வந்திருந்தார்கள். வெண்டலின் மனைவி, அவர் சொன்னதற்கு நேர்மாறாக, வாயே திறக்காத சின்ன உருவமாக நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பப் போய் எடுத்து வரலாமா என்று வாசலைப் பார்த்தபோது, சாய்ந்த கண்ணாடியில் கயிறில்லாத ஒரு ஜோடி ஷூ தெரிந்தது.

மாமாவின் சின்ன லாரியை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அட்டையைக் காற்று அடித்துவிடாமல் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். முகம் அதற்கு மேலே எட்டிப் பார்த்தது. அவளைப் பார்த்ததும் சிரிக்கப் போய், பல் ஞாபகம் வந்து உதட்டை மூடிக்கொண்டான். பிறகு மெதுவாக அறையைச் சுற்றிப் பார்த்தான். அம்மாக்கள், அப்பாக்கள், தம்பிகள்.

"யாரு நோரீன் அது?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மக்கேனா.

நோரீனுக்கு அப்போதும் நேரம் இருந்தது.

"பக்கத்து வீட்டுப் பையன்," என்றாள்.

சின்ன அறை. கம்பளம் போட்ட தரை. வார்த்தை சுத்தமாகக் கேட்டது. டில்லனின் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அட்டையை ஒரு தடவை ஏற்றிப் பிடித்துக்கொண்டான்.

"இத எங்க வைக்கணும் மேடம்?" என்றான்.

அவள் கையைக் காட்டினாள். அவன் மேஜைமேல் வைத்து, மடிப்பைப் பிரித்து, சாயாமல் நிற்கிறதா என்று ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். அப்போது மேலே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்த தலைப்பைப் படித்தான்: ஃப்ளாரன்ஸில் நான் இருந்த ஒரு வருஷம். ஒரு வினாடி அதிகமாகவே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்ல காரியம் பண்ணினப்பா," என்றார் ஹெப்னர் சார். "இருந்து சாப்டுட்டுப் போ."

"பரவால்ல சார். மேடம் எங்க தெருவுக்கே ரொம்ப ஒத்தாசை. இது என்ன பெரிய விஷயம்," என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வெளியே போனான்.

அதன்பிறகு அட்டையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. மக்கேனாவின் அம்மா, "எப்படிம்மா மனசு வந்து அங்கேருந்து திரும்பி வந்தீங்க?" என்று கேட்டாள். நோரீன் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னாள். மூன்றாவது கேள்வி காதில் விழவில்லை. கோட்டுகூடப் போடாமல் வெளியே நடந்தாள்.

லாரி இன்னும் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினான்.

"எப்பம்மா போன?" என்றான் டில்லன். "ஃப்ளாரன்ஸுக்கு. நான் மயக்கத்துல கெடந்தப்பவா?"

"டில்லன்..."

"ஒரு வருஷம் இருந்திருக்க. ஒரு போஸ்ட் கார்டாவது போட்டிருக்கலாம்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாள் விளையாட்டு, மூன்று விஷயம், உயர்ந்த கைகள். குளிரில் பல் கிட்டித்தது. அவன் வண்டியின் திசைச்சக்கரத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"நீதான் சொன்னியாம்மா, மகன் பொய்யினு?"

"அவங்க சொன்னாங்க. நான் ஆமான்னேன்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு நான்தான் சொன்னேன்."

அவன் தலையாட்டினான். கோபம் வந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. வரவில்லை. இப்படித்தான் நடக்கும் என்று முன்னமே தெரிந்தவன்போல் உட்கார்ந்திருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உள்ள வாடா. எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன். என் மகன்னு சொல்றேன்."

"நான் எதுக்கு உள்ள? உன் அட்டைக்குப் பக்கத்துல இன்னொரு அட்டையா நிக்கவா? 'இதோ, இதுதான் அந்தப் பையன்'னு?" அவன் முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தான். "சொல்றதுன்னா போய்ச் சொல்லு. என்னைக் காமிச்சு அழாத. நான் அந்த இல்லத்துல தெனம் நாற்காலி வட்டத்துல உக்காந்து அதைத்தான் பண்ணிட்டு வந்தேன். அங்க யாரும் கை தூக்கி எது பொய்யினு கேக்கமாட்டாங்க."

நோரீன் திரும்பி வந்தாள். கண்ணாடியில் தன் வெள்ளை ஷூவைக் கடந்தாள். உள்ளே சிரிப்பும் காகிதத் தட்டுச் சத்தமுமாக இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. சமையற்கூடத்தில் பிள்ளைகளை வரிசைக்குள் நிறுத்தும் குரலை எடுத்தாள். "ஒரு நிமிஷம்!"

அறை அடங்கியது.

"மொத நாள் விளையாட்டுல நீங்க தப்பா சொன்னீங்க. நான் சரின்னு விட்டுட்டேன். எனக்கு மகன் இருக்கான். இப்ப அட்டை கொண்டுவந்தானே, அவன்தான். பேரு டில்லன். நான் ஃப்ளாரன்ஸுக்குப் போனதில்ல. பக்கத்து மாநிலம் ஒஹையோவத் தாண்டி எங்கயுமே போனதில்ல."

மக்கேனா வாயில் வைத்த ரோலைக் கடிக்காமலே நின்றாள். ஹெப்னர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நோரீனின் பார்வை அவர்மேல்தான் விழுந்தது. இத்தனை மாதம் அவள் கண்ணால் அந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"அப்ப அந்தப் பாலத்து வெளிச்சம்?" என்றார்.

"புத்தகத்துல இருந்தது சார். உங்க கார்லயிருந்து எடுத்துத் தந்த புத்தகம்தான்."

"ஓ," என்றார் அவர். கொஞ்சம் கழித்து, "மனம்விட்டுச் சொன்னதுக்கு நன்றி, நோரீன்," என்றார். கூட்டங்களில் எல்லோருக்கும் சொல்கிற அதே வாக்கியம்.

"உப்பில்லாத ரொட்டி?" என்றார் வெண்டல்.

"அது நெஜம்."

"அதாவது தேறுச்சே," என்று முணுமுணுத்தார்.

அப்போது மக்கேனா பக்கத்தில் வந்தாள். முகத்தில் இருந்த விளையாட்டுத்தனமெல்லாம் போய்விட்டது. ஜன்னல் வழியே லாரியை ஒரு தடவை பார்த்தாள். அந்த மெலிவு, கயிறில்லாத ஷூ, மூடிய உதடு எல்லாவற்றையும் ஒரு செவிலியின் கண் இப்போதுதான் கூட்டிப் பார்த்துவிட்டது. நோரீனின் முழங்கையில் கையை வைத்தாள். குரலைப் பாதியாகத் தாழ்த்தினாள்.

"அவர் எப்படி இருக்கார்?"

வந்துவிட்டது. இந்த அறைக்குள்ளும் அந்தக் குரல் வந்துவிட்டது. இனி இங்கேயும் அவள் அந்தப் பையனின் அம்மா. நோரீன் அந்தக் கையை உதறவில்லை. உதற என்ன யோக்கியதை இருக்கிறது என்று நினைத்தாள். தரையைப் பார்த்த முகத்தை நிமிர்த்திக்கொண்டு, சாதாரணக் குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"லாரியில இருக்கான். காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல. பசியா இருப்பான்."

காகிதத் தட்டில் நாலு ரோலை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள். லாரியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை நீட்டினாள். அவன் எடுத்து, முன்பல் இல்லாததால் வாயோரமாக வைத்துக் கடித்தான்.

"சொல்லிட்டேன்," என்றாள்.

"ம்."

"உன்னக் காமிச்சு அழல."

அவன் மென்று முடித்தான். "ரோல் நல்லா இருக்கு மேடம்," என்றான்.

அதில் கேலி இருந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அப்படிக் கூப்பிடாதே என்று சொல்ல வாய் எடுத்து, மூடிக்கொண்டாள். எத்தனை நாளைக்கு அவன் அப்படிக் கூப்பிட வேண்டுமோ, கூப்பிடட்டும். இரண்டாவது ரோலை அவன் எடுத்தபோது, தட்டு சரியாமல் இருக்க அவள் மடியில் இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.